நடுகல்லில் ஓர் அரச சேவகனின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக அரூருக்குச் செல்லும் சாலை, சேர்வராயன் மலையின் கிழக்கு ஓரமாகச் சென்று மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்குகிறது. மலையின் மேற்குப் பக்கத்தில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. கொங்கு நாட்டுக்கும் இன்றைய தருமபுரியான தகடூர்ப் பகுதிக்கும் இடையே ஆட்களும் ஆநிரைகளும் படைகளும் நடந்த வழிகள் இவையே. கணவாய்களைத் தாண்டி வடக்கே அரூர், தருமபுரி, செங்கம் என்று போகப்போக, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் வாளோ வில்லோ ஏந்திய ஒருவனின் உருவம் செதுக்கிய பலகைக் கற்கள், அதாவது நடுகற்கள், தென்படத் தொடங்கும். ஊரார் பலவற்றை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். அவற்றுள் எழுத்துள்ள கல் பெரும்பாலும் ஓர் அரசனுக்கோ அவனுக்குக் கீழிருந்த குறுநிலத் தலைவனுக்கோ பணிசெய்து உயிர்விட்ட ஒரு மனிதனைப் பற்றிய, அவன் காலத்திலேயே எழுதப்பட்ட சான்றாகும்.

இடைக்கால ஐரோப்பாவில் நைட் எனப்பட்ட குதிரைவீரரைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியிலேயே அறிந்துகொள்கிறார்கள். ஏழு வயதில் பிரபுவின் வீட்டுக்கு ஏவல் செய்யப் போவதும், பதினான்கு வயதளவில் ஒரு மூத்த வீரனுக்கு உதவியாளாவதும், இருபத்தொன்றை ஒட்டிப் பட்டம் பெறுவதும், பெற்ற நிலத்துக்கு ஈடாக ஆண்டுக்கு ஏறத்தாழ 40 நாள் படைப்பணி செய்வதும் அவர்களுக்கு மனப்பாடம். அந்த நூற்றாண்டுகளிலும் அவற்றுக்கு முன்பும் நம் மலையடிவாரத்தில் வாளேந்தி நின்ற சேவகனின் வாழ்க்கையை அறியப் புத்தகக் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை, கல்லின்முன் உட்காரத் தெரிந்தால் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்படி உட்காருவது எவ்வாறு என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கல்லை அணுகும் முறை

முதலில் கேட்க வேண்டியது அனுமதி. வழிபாட்டில் இருக்கும் கல் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு வகையறாவின் தெய்வம். பூசாரியிடமோ, விளக்கேற்றும் வீட்டாரிடமோ வந்த காரணத்தைச் சொல்லி, காலணியைக் கழற்றிவிட்டு, அவர்கள் காட்டும் எல்லையில் நிற்க வேண்டும். மஞ்சவாடிக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தடியில் நான் முதன்முதலாக ஒரு நடுகல்லின்முன் நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "எங்க வேடியப்பன் சாமி தம்பி, நல்லா பாருங்க, ஆனா கை வெச்சுராதீங்க" என்றார். அந்த ஒரு சொல்லைப் பின்பற்றினாலே பாதித் தவறுகள் நேராமல் போகும்.

கல்லைத் தேய்க்கக் கூடாது. எழுத்துக் குழிகளில் சுண்ணக்கட்டியைத் தீட்டிப் படிப்பது பலரும் செய்யும் பழக்கம். நானும் தொடக்கத்தில் ஒரு கல்லில் அதைச் செய்தேன். கல்லின் இயல்பான வெடிப்பு ஒன்றை எழுத்தின் வளைவு என்று எண்ணிச் சுண்ணம் தீட்டியதால், வகரம் இருந்த இடத்தில் பகரத்தைப் படித்து, ஓர் ஊர்ப்பெயரையே மாற்றி எழுதிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு நெடுநாள் எடுத்த எல்லாப் படங்களிலும் என் சுண்ணக் கோடுதான் தெரிந்ததே ஒழியச் சிற்பியின் உளி தெரியவில்லை. நாம் தீட்டியதையே நாம் படிக்கிறோம் என்பதுதான் இம்முறையின் பெருங்கேடு. எண்ணெய், மஞ்சள், வண்ணம், உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.

வேண்டியது பக்கவாட்டு வெளிச்சம் மட்டுமே. உச்சி வெயிலில் வெறும் கருங்கல்லாகத் தெரியும் பலகை, காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ கதிர் சாய்வாக விழும்போது தானே பேசத் தொடங்கும். மேலே சொன்ன வேப்பமரத்தடிக் கல்லில் நான் பகல் முழுவதும் கண்டது எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் ஒரு மங்கலான மனித வடிவமுமே. பொழுது சாயத் தொடங்கியதும் முதலில் இடுப்பில் குறுவாளின் பிடி எழுந்தது. பிறகு பக்கவாட்டில் முடிந்த கொண்டை, அதன்பின் மார்பில் மூன்று சாய்ந்த கோடுகள். அவை கல்லின் கீறல்கள் அல்ல, தைத்த அம்புகள் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. சூரியன் திசை ஒத்துவராத இடத்தில் இரவில் போய், ஒருவர் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டினாற்போல் பிடிக்க, மற்றவர் நேர் எதிரே நின்று கைப்பேசியில் படமெடுக்கலாம். விளக்கை இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் மாற்றிப் பிடித்துக் குறைந்தது நான்கு படங்களாவது எடுக்க வேண்டும், ஏனெனில் ஒரு திசையில் மறையும் கோடு மறு திசையில் தெரியும். ஈரத்தாளைக் கல்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி மை ஏற்றி எடுக்கும் மைப்படியே கல்வெட்டாளர்களின் முறை. அதைக் கற்றவர் உடனிருந்தாலன்றி முயல வேண்டாம்.

புறப்படுமுன் கல்லின் உயரம், அகலம், அது பார்க்கும் திசை, நிற்கும் இடத்தின் அடையாளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது மிக அவசியம். சாலை அகலப்படுத்தும்போது பெயர்க்கப்பட்ட கல்லுக்கு அந்தக் குறிப்பு ஒன்றே முகவரியாக மிஞ்சும்.

உருவத்தைப் படித்தல்

எழுத்தைத் தொடுமுன் உருவத்தைப் படிக்க வேண்டும். வீரனின் ஒரு கையில் வாள் அல்லது வில் இருக்கும். மறு கையில் கேடயம் இருக்கலாம். உடம்பில் கவசம் இருக்காது. பெரும்பாலும் இடைக்கச்சு, அதில் செருகிய குறுவாள், காதில் குழை, கையில் வளை, இவ்வளவுதான் அவன் கோலம். இரும்புச் சட்டையும் போர்க்குதிரையும் கொண்ட நைட்டைப் போலன்றி, இப்பகுதிச் சேவகன் பெரும்பாலும் கால்நடையாகவே போரிட்டவன் என்பது இந்தக் கற்களை வரிசையாகப் பார்க்கும்போதே விளங்கிவிடும். கால்கள் ஒரு பக்கமாக எட்டி வைத்தவாறு இருந்தால் அது பாய்ச்சலைக் காட்டும்.

அடுத்துக் காலடியைப் பார்க்க வேண்டும். மாடுகள் செதுக்கப்பட்டிருந்தால் அது தொறுப்பூசல், அதாவது ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ நேர்ந்த சாவு. புலி பாய்ந்தாற்போல் இருந்தால் புலிகுத்திக் கல். கொங்குப் பகுதியில் இவ்வகை மிகுதி. வீரனின் அருகே சிறு கெண்டியோ சிமிழோ இருப்பது அவனுக்குப் படைக்கப்பட்டதைக் குறிக்கும். பக்கத்தில் ஒரு பெண், அல்லது வளையணிந்து உயர்த்திய ஒரு கை மட்டும் இருந்தால், மனைவி தீப்பாய்ந்த செய்தி அதில் அடங்கியிருக்கிறது. கல் இரண்டு மூன்று அடுக்காகப் பிரிந்து, கீழே போரும் நடுவே வீரனை அரம்பையர் தாங்கிச் செல்வதும் மேலே அவன் இலிங்கத்தின்முன் அமர்ந்திருப்பதும் காட்டப்பட்டிருந்தால், அது காலத்தால் பிந்திய பாணி. தருமபுரிக்கு வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் அத்தகைய கற்களை அதிகம் காணலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கென்று தனியே எழுத்துப் பொறித்து, கள்ளனைக் கடித்துக் காவல் காத்திருந்த செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். எருமைகளைக் காத்து இறந்த தலைவனோடு அவன் நாயும் கல்லேறியது. ஆகவே உருவங்களில் சிறியது என்று எதையும் தள்ளிவிடக் கூடாது.

எழுத்தைப் படித்தல்

இப்பகுதியின் பழைய நடுகற்கள், தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் உள்ளன. எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து வரும், மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. பகரம், வகரம், யகரம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இருக்கும் என்பதால் என்னைப் போல் அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஆனால் படிப்பவருக்குப் பெரிய துணை ஒன்று உண்டு: இந்த வாசகங்கள் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. கோவிசைய இன்ன பருமற்கு யாண்டு இத்தனையாவது, இன்ன நாடு ஆளும் இன்ன அரைசர் சேவகன் இன்னான், இன்னார் தொறுக்கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான் கல் என்று போகும்.

இதில் கோவிசைய என்பது வெற்றியுடைய அரசன் என்னும் அடைமொழி. பருமர் என்பது வர்மர் என்பதன் தமிழ் வடிவம். பல்லவ அரசர்களான சிம்மவிஷ்ணு சிங்கவிண்ண பருமராகவும், மகேந்திரன் மயேந்திர பருமராகவும் வருவார்கள். யாண்டு என்பது ஆட்சியாண்டு. தொறு என்பது மந்தை, ஞான்று என்பது பொழுது, பட்டான் என்பது இறந்தான். வாக்கியம் முடியும் கல் என்ற ஒற்றைச் சொல், இது அவன் கல் என்று கையை நீட்டிக் காட்டுவது போல நிற்கும். பட்டான் கல் என்னும் இறுதிச் சொற்களை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படித்து வருவதே எளிது என்பது என் அனுபவம்.

சோழர் காலத்துக் கல்லானால் அரசனின் அடைமொழியே காலத்தைச் சொல்லும். மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன். அவன் ஆட்சி 907-இல் தொடங்கியது. யாண்டு 30 என்றிருந்தால் அது 936-37. தொடக்க ஆண்டையே முதல் ஆட்சியாண்டாக எண்ண வேண்டும், 907-உடன் 30-ஐ அப்படியே கூட்டினால் ஓராண்டு பிசகும். கச்சியும் (காஞ்சியும்) தஞ்சையும் கொண்ட கன்னர தேவர் என்றால், 949-இல் தக்கோலத்தில் சோழர் தோற்றபின் வடபகுதியைக் கைக்கொண்ட இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன். அடைமொழி இன்றி வெறும் பரகேசரி, இராசகேசரி என்று மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. சோழர் அப்பட்டங்களை மாறிமாறிச் சூடியதால் எழுத்தின் வடிவத்தை வைத்தே நூற்றாண்டைக் கணிக்க முடியும்.

நாட்டுப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். புறமலை நாடு தருமபுரிப் பக்கம், பூவாணிய நாடு ஓமலூர்ப் பக்கம். ஆத்தூருக்குக் கிழக்கே ஆறகளூரைத் தலைமையிடமாகக் கொண்டு வாணகோவரையர் என்னும் குறுநிலத் தலைவர்கள் ஆண்டது மகதை மண்டலம். கல்லில் இருக்கும் நாட்டுப் பெயர் கல் நிற்கும் இடத்தின் நாடாக இல்லாவிட்டால், அந்தச் சேவகன் வெளியூரிலிருந்து வந்து இறந்தவன் அல்லது வெளியூர்த் தலைவனுக்குப் பணி செய்தவன் என்று கொள்ள இடமுண்டு.

வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தல்

இப்போதுதான் முதன்மையான வேலை. கல்லில் முதலில் வருவது பேரரசன், அடுத்துக் குறுநிலத் தலைவன், அதன்பிறகே இறந்தவன் பெயர். இந்த வரிசையே அவன் பணியின் ஏணி. மகேந்திரவர்மன் பெயர் கல்லின் தலையில் இருப்பதால் அந்த வீரன் மகேந்திரவர்மனின் போரில் இறந்தான் என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். அது பெரும்பிழை. அரசனின் பெயர் ஆண்டைக் குறிக்கவே வருகிறது. சேவகனின் சோறும் வாளும் குறுநிலத் தலைவன் கொடுத்தவை. அவன் உயிர் போனது, பெரும்பாலும், ஒரு சிற்றூரின் மாட்டு மந்தைக்காக. மலையடிவாரப் புன்செய் நாட்டில் மாடே செல்வம், மாட்டைக் கவர்வதே போரின் தொடக்கம் என்பதை நினைவில் வைத்தால் இதன் பொருள் விளங்கும். பல்லவரும் சோழரும் பாடப்புத்தகத்தில் பெற்ற வெற்றிகளுக்கு அடியில், பெயர் மட்டும் மிஞ்சிய இந்த மனிதர்கள் ஊர் எல்லையில் நின்றார்கள். இதைப் பிழையறச் சொல்வதுதான் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணியின் படிநிலையைச் சொற்கள் காட்டும். இளமகன் என்பது இளம் வீரன், சேவகன் என்பது பணியிலுள்ள வீரன். ஏனாதி, மாராயன் போன்றவை அரசன் தந்த சிறப்புப் பட்டங்கள். ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் அணிவிப்பது பழைய வழக்கு. கொடை எப்போதும் பொன்னாகவோ நிலமாகவோ இருக்க வேண்டுமென்பதில்லை. தக்கோலப் போரில் கங்க அரசன் பூதுகனுக்காகத் தீரத்துடன் போரிட்ட மணலேரன் என்ற வீரன், என்ன வேண்டும் என்று கேட்டபோது, காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் பிறகு ஒரு பன்றியோடு பொருது இறக்க, அதற்கும் கல் நட்டார்கள். கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

வீரன் இறந்தபின் அவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொற்களையும் தேட வேண்டும். நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று வந்தால் அது குருதிக்கு ஈடாகக் கொடுத்த நிலம். நெய்த்தோர் என்றாலே குருதிதான். அந்தச் சொல் ஒரு கல்லில் இருந்தால், மனைவி மக்களின் பின்வாழ்வைப் பற்றிய ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும். கல்லை நடுவதற்கும் முறை இருந்தது: கல்லைக் காணுதல், எடுத்துவருதல், நீராட்டுதல், நடுதல், பெரும்படையல் இடுதல், வாழ்த்துதல் என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. இன்று அதே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிப் பொங்கல் வைப்பவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் செய்வது புதிதல்ல என்று தெரியும்.

சோழப் பேரரசு வளர்ந்தபின் சேவகனின் நிலை வேறாகிறது. அதை நடுகல்லில் தேடாமல் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் தேட வேண்டும். இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், 1010-இல், நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டுகள் படைப்பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பண்டித சோழத் தெரிந்த வில்லிகள், மும்முடிச் சோழத் தெரிந்த ஆனைப்பாகர், அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்ற பெயர்களில், தெரிந்த என்பது தேர்ந்தெடுத்த என்று பொருள்படும். பராந்தக கொங்கவாளர் என்ற பெயரைக் காணும் கொங்குநாட்டார் அந்த இடத்தில் சற்று நிற்காமல் போக முடியாது. வேளைக்காரர் என்போர் அரசனுக்காக உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். அவர்கள் கடல் கடந்து இலங்கையின் பொலன்னறுவையிலும் தமிழ்க் கல்வெட்டை விட்டிருக்கிறார்கள். அங்கே அவர்கள் காக்க ஏற்றுக்கொண்டது புத்தரின் பல் பேணப்பட்ட கோயில்.

எழுதி வைத்தல்

படித்ததை வரிக்கு வரி, கல்லில் உள்ளபடியே எழுத வேண்டும். ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் [ ] வைக்க வேண்டும், அழிந்ததற்குப் புள்ளிகள் இட வேண்டும். எழுத்துப்பிழை என்று தோன்றுவதைத் திருத்தக் கூடாது. உரைநடை விளக்கம் தனிப் பக்கத்தில் இருக்கட்டும், இரண்டும் கலந்தால் பிறகு எது கல், எது நாம் என்று நமக்கே தெரியாமல் போகும். கல் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று தொல்லியல் துறை வெளியீடுகளில் பார்த்துவிட்டு, இல்லையெனில் படங்களோடு துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுதித் தெரிவிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர், ஊரூராக அலைவதற்கு முன், தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்துள்ள நடுகற்களின்முன் ஒரு முழுநாள் செலவிட்டால் கண் பழகிவிடும்.

படித்த வாசகத்தின் ஒரு படியைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்தக் கல்லுக்கு விளக்கேற்றும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வருவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். வேப்பமரத்தடிக் கல்லுக்கு மூன்றாம் முறை போனபோதுதான் சேவகன் என்ற சொல்லும் பட்டான் கல் என்ற முடிவும் தெளிந்தன. மூதாட்டியிடம் படித்துக் காட்டினேன். "எந்த ராசாவோட சேவகன் தம்பி?" என்று கேட்டார். கல்லின் மேல் விளிம்பு உடைந்து, அரசன் பெயர் இருக்க வேண்டிய வரி முழுவதும் போயிருந்தது. அவரிடம் கொடுத்த தாளில் அந்த வரிக்குப் புள்ளிகளே இருக்கின்றன.